நோயாளியைப் பார்க்கப் போகும்போது: விசுவாசம், ஜெபம், ஆறுதல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் நோயாளிகளைச் சந்திக்கும் குழுவில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். வியாழக்கிழமை மாலை மருத்துவமனை, ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வீடுகள் என்று எங்கள் வழக்கம். கட்டிலருகே யாரும் அதிகம் கேட்பதில்லை. ஜெபம் முடிந்து செருப்பு மாட்டும்போதுதான், வராந்தாவில், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் போதகர் அல்ல; பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். எனக்கு விளங்கிய அளவில் பதில் சொல்கிறேன்.

நோயாளியைப் பார்க்கப் போனால் என்ன பேசுவது, டீச்சர்? எனக்கு ஒரு வசனம்கூடப் பிழையில்லாமல் சொல்லத் தெரியாது.

யோபுவின் நண்பர்கள் மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் பட்ட பாட்டைக் கண்டு அவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் இரவுபகல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோபு இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. அந்த ஏழு நாளில் அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான், "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு சொல்லும்படி ஆயிற்று. ஆகவே வசனம் தெரியவில்லை என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

நாற்காலி இருந்தால் உட்காருங்கள். நீங்கள் நின்றுகொண்டே பேசினால் படுத்திருப்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "தேவகிருபையால் நன்றாக இருக்கிறேன்" என்ற பதில்தான் வரும், அது பழக்கத்தில் வருவது. "ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேளுங்கள். அதற்கு உண்மையான பதில் வரும். அது வந்தபின் நீங்கள் பேச வேண்டிய அவசியமே இருக்காது, கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

எவ்வளவு நேரம் இருக்கலாம்? என்ன வாங்கிக்கொண்டு போவது?

கால் மணி நேரம் போதும். வலியில் இருப்பவருக்கு விருந்தாளியின் முன்னால் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்வதே பெரிய வேலை. பழமும் ஹார்லிக்ஸும் பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில் குவிந்து கிடக்கும். கூட இருப்பவரிடம் முந்தின நாளே என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ஒரு ஃப்ளாஸ்க் வெந்நீர், ஒரு துவைத்த போர்வை, தரையில் விரிக்க ஒரு பாய் என்று சொல்வார்கள்.

எந்தப் பகுதியை வாசிக்கலாம்? எல்லாரும் 23ஆம் சங்கீதம்தான் வாசிக்கிறார்கள்.

வாசிக்கலாம், தவறில்லை. ஆனால் மெல்லிய குரலில், குறைவாக வாசியுங்கள். வார்டில் இன்னும் பலர் படுத்திருக்கிறார்கள். கலங்கிப்போயிருப்பவருக்கு நான் 13ஆம் சங்கீதத்தை வாசிப்பதுண்டு. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. மொத்தம் ஆறே வசனம். இப்படி ஒரு ஜெபம் வேதத்திலேயே இருக்கிறதா என்று பலர் வியந்துபோகிறார்கள்.

மருந்து சாப்பிட்டால் விசுவாசக் குறைவு என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். இந்த ஒரு கேள்விக்கு நான் சற்றுக் கடுமையாகவே பதில் சொல்வேன். சர்க்கரைக்கும் வலிப்புக்கும் எடுக்கும் மருந்தை விசுவாசத்தின் பேரில் நிறுத்திவிட்டு, சில நாளில் நினைவிழந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எசேக்கியா ராஜா சாகும் நிலையில் அழுது ஜெபித்தபோது, பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் ஏசாயா மூலமாக வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப் போடச் சொன்னார். வாக்குத்தத்தம் கிடைத்துவிட்டதே, பற்று எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பவுல் தம்மோடு இருந்த லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்கிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கைவைத்தியமும் சொல்கிறார்.

நம் ஊரிலேயே பாருங்கள். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியரைக் காப்பாற்ற வரும்படி கேட்டார்கள். ஆண் மருத்துவர் வரக்கூடாது என்றார்கள். ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. அந்த இரவை அவர் தேவனுடைய அழைப்பாகவே எடுத்துக்கொண்டார். ஜெபிக்கத் தெரிந்தவர்தான்; ஜெபத்தோடு படிக்கவும் போனார்.

எண்ணெய் பூசி ஜெபிக்கலாமா? அது வேறு சபைக்காரர்கள் செய்வது என்கிறார்களே.

யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. நோயாளி மூப்பர்களை வரவழைக்க, அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் அது ஓர் அருட்சாதனம். மற்ற சபைகளிலும் ஆயரிடம் கேட்டால் செய்வார்கள். ஆனால் அழைப்பது நோயாளி என்பதைக் கவனியுங்கள். அவர் கேட்காமல் நெற்றியில் எண்ணெய் வைக்காதீர்கள். பெரிய பாட்டிலில் அடைத்து விற்கப்படும் எண்ணெய்க்கும் அந்த வசனத்துக்கும் சம்பந்தம் இல்லை.

நான் செய்த பாவத்துக்குத்தான் இந்த வியாதியா?

இந்தக் கேள்வியைக் கேட்காத வார்டே இல்லை. பிறவிக் குருடனைக் காட்டிச் சீடர்களும் இதையேதான் கேட்டார்கள்: பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா? "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு சொன்னார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும், அவர்கள் எருசலேமில் உள்ள மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் அல்ல என்றார். இரண்டு இடத்திலும் பதில் தெளிவாக இருக்கிறது.

வேதம் தெரிந்த சிலர் யோவான் ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். முப்பத்தெட்டு வருஷம் படுத்திருந்தவனிடம் "இனிப் பாவஞ்செய்யாதே" என்று இயேசு சொல்லவில்லையா? சொன்னார். ஆனால் அவனைச் சுகமாக்கிய பிறகு, தேவாலயத்தில் அவனைக் கண்டு, அவனிடம் சொன்னார். ஊரைக் கூட்டி அவன் கட்டிலைக் காட்டிச் சொல்லவில்லை. குடியால் ஈரல் கெட்டவருக்குக் குடிதான் காரணம் என்பது அவருக்கே தெரியும். அதை மருத்துவர் சொல்லட்டும். கேன்சர் வார்டில் படுத்திருக்கும் இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் போய், "உன்னை ஆராய்ந்து பார்" என்று சொல்ல நமக்கு யாரும் அதிகாரம் தரவில்லை.

தொழுநோயை எவ்வளவு காலம் சாபம் என்று சொல்லிவந்தோம்! விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று நம்பினார்கள். 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், நோய் நரம்பைத் தாக்கி வலியை உணரும் சக்தியை அழித்துவிடுகிறது, அதனால் தெரியாமல் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும்தான் கைகள் சிதைகின்றன என்று எடுத்துக்காட்டினார். மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாணை மாற்றி வைத்து மறுபடி வேலை செய்ய வைத்தார். கொல்லிமலையில் பிறந்தவர் அவர். சாபம் என்று எல்லாரும் எட்டி நின்ற கையை அவர் தம் கையில் எடுத்துப் பார்த்தபடியால்தான் இத்தனையும் தெரியவந்தது.

வேதத்தில் "மனதுருகி" என்று வருகிறதே. எனக்கு உள்ளே அப்படி ஒன்றும் தோன்றுவதில்லை. கடமைக்குத்தான் வருகிறேன். அது கபடமா?

இதைக் கேட்டவர் எங்கள் குழுவிலேயே இருக்கும் ஒரு சகோதரர். இப்படிக் கேட்க நேர்மை வேண்டும். நாம் "மனதுருகி" என்று வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் குடல், வயிறு என்ற பொருளில் இருந்து பிறந்தது. தமிழருக்கு அதை விளக்கவே வேண்டாம். பெற்ற வயிறு பற்றி எரிகிறது, பார்த்ததும் வயிற்றைப் பிசைகிறது என்றெல்லாம் நாம் சொல்கிறோமே, அதுதான்.

ஆனால் நல்ல சமாரியன் உவமையைத் திரும்ப வாசியுங்கள். மனதுருகினான் என்பது ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. பிறகு கிட்ட வந்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், பராமரித்தான், மறுநாள் இரண்டு பணம் கொடுத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். திராட்சத் தோட்ட உவமையில் ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. அப்படியானால் இவன் இரண்டு நாள் கூலியைக் கொடுத்திருக்கிறான். இதில் பெரும்பகுதி கையும் காலும் பணப்பையும் செய்த வேலை.

ஒருமுறை பெண்கள் வார்டில் ஒரு மூதாட்டி. இடுப்பெலும்பு முறிந்து ஒன்பது நாளாகப் படுக்கை. தலைமுடி திரண்டு ஒரே சிக்கு. எங்களோடு வந்திருந்த அக்கா ஒருவர், அதிகம் பேசாதவர், பையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, நுனியிலிருந்து ஒவ்வொரு பிரியாக விரலாலேயே சிக்கெடுத்தார். முடி இழுபடாமல் இருக்க வேரை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பின்னி முடிப்பதற்குள் அந்த அம்மாள் தூங்கிவிட்டார். அன்று ஜெபிக்காமல் எழுந்து வந்தோம். உள்ளே என்ன உணர்ந்தீர்கள் என்று அந்த அக்காவிடம் கேட்டிருந்தால், "தலை அரித்திருக்கும், பாவம்" என்றுதான் சொல்லியிருப்பார். நீங்களும் கடமைக்கென்றே வாருங்கள், சகோதரரே.

பக்கத்துக் கட்டிலில் வேறு மதத்துக்காரர். அவருக்காகவும் ஜெபிக்கலாமா?

மனதுக்குள் யாருக்காகவும் ஜெபிக்கலாம். வாய்விட்டு ஜெபிப்பதானால் அவரே கேட்க வேண்டும். பல தடவை அவர்களே, "எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரால் எழுந்து போக முடியாது. அவர் விரும்பாததை அவர் காதருகே செய்வது இரக்கத்தில் சேராது. சமாரியனும் அடிபட்டவனிடம் மார்க்கம் விசாரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குத் தண்ணீர் பிடித்துத் தர யாருமில்லை என்றால், முதலில் அதைச் செய்யுங்கள்.

எத்தனையோ பேர் உபவாசம் இருந்து ஜெபித்தும் எனக்குக் குணமாகவில்லை. என் விசுவாசம் போதவில்லையா?

விசுவாசத்தை மருந்துச் சீட்டுபோல் அளந்து பார்ப்பதை நம்மிடையே யார் தொடங்கிவைத்தார்களோ தெரியவில்லை. சுகமானவன் விசுவாசி, சுகமாகாதவன் குறைவுள்ளவன் என்றால் பவுலை எங்கே வைப்பது? தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது, முள் போகவில்லை. அவரே தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். பவுலின் ஜெபமும் போதவில்லை என்று சொல்ல நம்மில் யாருக்கும் துணிவு வராது.

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு டோனாவூரைத் தெரியும். அங்கே 1901 முதல் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் ஒரு குழிக்குள் தவறி விழுந்தார். அதன் பிறகு 1951இல் கண்மூடும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழிந்தன. அவருக்காக எத்தனை பிள்ளைகள் முழங்காலில் நின்றிருப்பார்கள்! எழுந்து நடக்கவில்லை. படுத்தபடியே எழுதினார், பிள்ளைகளை வரவழைத்துப் பேசினார். தம் கல்லறைமேல் கல் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியைப் பிள்ளைகள் அங்கே வைத்தார்கள்.

விசுவாசம் குறைவாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மாற்கு ஒன்பதில் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம். முழுவதுமாக விசுவாசித்துவிட்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த நிலையிலேயே அவன் மகனைச் சுகமாக்கினார்.

அப்படியானால் "உம்முடைய சித்தம்" என்று முடிப்பது, கேட்டது கிடைக்காவிட்டால் தப்பித்துக்கொள்ளச் செய்யும் ஜெபமா?

கெத்செமனேயில் இயேசு முதலில் கேட்டார்: இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று, வியர்வை சொட்ட, ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டார். "உம்முடைய சித்தத்தின்படியே" என்பது அதற்குப் பிறகுதான். நாமோ முதல் பாதியைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, இரண்டாம் பாதிக்கு ஓடிவிடுகிறோம். சுகம் வேண்டும் என்று வாய்திறந்து கேளுங்கள். தானியேல் புத்தகத்தில் அக்கினிச் சூளைக்குமுன் நின்ற மூன்று வாலிபரும் எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்றார்கள், "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல அவர்களுக்குத் தடுமாற்றம் இல்லை.

கடவுள்மேல் கோபம் கோபமாக வருகிறது. ஜெபமே வரவில்லை. இது பாவமா?

மேலே சொன்ன 13ஆம் சங்கீதத்தை நீங்களே எடுத்து வாசியுங்கள். பிறகு 88ஆம் சங்கீதம். மற்றப் புலம்பல்கள் பலவும் கடைசியில் துதியில் முடியும், இது முடியாது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கினீர் என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதையும் பரிசுத்த வேதாகமத்தில் ஆராதனைப் பாட்டாக வைத்திருக்கிறார்கள். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதும் ஒரு சங்கீதத்தின் முதல் வரிதான். சிலுவையில் இயேசு அதையே கதறினார். கோபித்துக்கொள்ள வேண்டுமானால் அவரிடமே கோபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபம் வராத நாளில் மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும். கப்பர்நகூமில் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கினார்களே, அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தைக்" கண்டதாக எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் அதுவரை வாய் திறக்கவேயில்லை.

மாமியாரை நான்கு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று "சீக்கிரம் முடிந்தால் நல்லது" என்று நினைத்துவிட்டேன். தேவன் என்னை மன்னிப்பாரா?

இதைக் கேட்ட பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். டெட்டால் நெடி, விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்திருந்தது. இரவில் மூன்று தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பவள். உறவினர் வந்தால் நோயாளியை விசாரிப்பார்கள், காப்பி குடிப்பார்கள், போய்விடுவார்கள்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான். தேவன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்தார். மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிட வைத்தார். அதற்கெல்லாம் பிறகுதான் பேச்சு. களைத்துப்போன உடம்பு நினைத்ததைப் பாவக்கணக்கில் எழுதுகிறவர் அல்ல அவர். உங்களுக்கு இப்போது தேவை ஒரு முழு இரவுத் தூக்கம். சபையாருக்குச் சொல்கிறேன்: வாரத்தில் ஓர் இரவு ஒருவர் போய் அந்த வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் அப்படித்தான் மூன்று பேர் முறைவைத்துக்கொண்டோம்.

சுகமாகிவிட்டது என்று சபையில் சாட்சி சொன்னேன். ஆறு மாதத்தில் நோய் திரும்பிவிட்டது. நான் பொய் சொன்னவள் ஆகிவிட்டேனா?

இல்லை. அன்று ஸ்கேனில் தெரியவில்லை என்பதும், அதற்காக நீங்கள் நன்றி சொன்னதும் உண்மை. எசேக்கியாவுக்குக் கூட்டிக் கொடுத்ததும் பதினைந்து வருஷம்தான். அதன் பிறகு அவனும் இறந்தான். இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவும் இன்னொரு நாள் மறுபடி இறந்துதான் போயிருப்பான். இந்த உலகத்தில் கிடைக்கும் சுகம் எல்லாமே சில காலத்துக்குத்தான், என்றாலும் அது நன்றிக்குரியது.

தவறு எங்களிடம் உண்டு. மைக்கைக் கையில் கொடுத்து, நடந்ததைவிடப் பெரிதாகச் சொல்லும்படி தூண்டுகிறோம். நோய் திரும்பியபின் அதே ஆள் ஜெபக்குறிப்பு கொடுக்கக்கூட வெட்கப்பட்டு, ஆராதனைக்கு வராமல் நின்றுவிடுகிறார். நீங்கள் முன்போலவே, உங்கள் வழக்கமான இடத்தில் வந்து உட்காருங்கள். யாராவது கேட்டால், "மறுபடி வந்துவிட்டது, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். அதுவும் சாட்சிதான்.

பிள்ளை இறந்துபோன வீட்டில் என்ன சொல்வது? "தேவசித்தம்" என்று சொல்லலாமா?

நான் சொல்லியிருக்கிறேன். குழுவில் சேர்ந்த இரண்டாம் வருஷம், நான்கு வயதுப் பையன் காய்ச்சலில் இறந்த வீடு. தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் அவனுடைய பள்ளிச் சட்டை. "தேவன் தமக்குப் பிரியமான பூவைப் பறித்துக்கொண்டார், அம்மா" என்றேன். எங்கோ கேட்ட வாக்கியம். அவள் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தச் சட்டையின் பொத்தானை மட்டும் போட்டுப்போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு யோவான் பதினொன்றை வாசித்தேன். லாசரு இறந்தபின் அவன் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான். மார்த்தாளிடம் அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். அவள் பேசக்கூடியவளாக இருந்தாள். மரியாளோ காலில் விழுந்து அழுதாள். அவளுக்கு விளக்கம் சொல்லவில்லை. "அவனை எங்கே வைத்தீர்கள்" என்று மட்டும் கேட்டார். பிறகு, "இயேசு கண்ணீர் விட்டார்." இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர் அவர், ஆனாலும் அழுதார்.

பதினாறாம் நாள் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. பையன் பெயரைச் சொல்லி, அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போய், அவன் கரிக்கட்டையால் கிறுக்கி வைத்திருந்த கதவைக் காட்டினாள். இது ஆடு, இது பஸ், இது நான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.